பக்கத்து சீட்டு பிரேக்

மாஸ்டருடைய காரின் பின்பக்கம் மூன்று வரிகள் எழுதியிருக்கும். முதல் வரி, 'கற்றுக்கொள்கிறார்கள்.' இரண்டாவது, 'கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.' மூன்றாவது ஒரு போன் நம்பர். அந்த நம்பர் மாஸ்டருடையது அல்ல. இரண்டு வருஷமாக அவரோடு ஒரே வீட்டில் இல்லாத அவர் மனைவியுடையது.

பெயிண்டரிடம் சொன்னால் அரை மணி நேரத்தில் அழித்துவிட்டு வேறு நம்பர் எழுதிக் கொடுத்துவிடுவான். யாராவது கேட்டால், "அந்தப் பெயிண்டர் கையிலயே சிக்கமாட்டேங்கிறான்" என்பார் மாஸ்டர். பெயிண்டர் இருப்பதோ அவர் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில். தினமும் காலையில் பல் விளக்கிக்கொண்டே இவருக்குக் கையாட்டுகிறான். அது வேறு விஷயம்.

கார் ஓட்டப் பழக வேண்டும் என்று யார் கூப்பிட்டாலும் போன் அவளுக்குப் போகும். அவள் பேசி, நாளும் நேரமும் குறித்து, மாஸ்டருக்கு ஒரு மெசேஜ் அனுப்புவாள். 'செவ்வாய் காலை ஏழு. புது ஆள். பேங்க்கில் வேலை. அவசரக்காரர் மாதிரி தெரியுது.' 'வியாழன் நாலு மணி. காலேஜ் பொண்ணு. கூட அப்பாவும் வருவார். பின்சீட்டில் இருந்து அவரை வாய் திறக்கவிடாதீங்க.' மாஸ்டர் பதிலுக்கு 'சரி' என்று அனுப்புவார். அதற்கு மேல் ஒரு எழுத்து கிடையாது. பிரிந்துபோன மறுவாரம் அவள் ஒரே ஒருமுறை போனில் பேசிச் சொன்ன சட்டம் அது. "பொழப்பு கெடக்கூடாது. அதனால போனை நான் பாத்துக்கறேன். வேலை விஷயம் மட்டும் நான் அனுப்புவேன். நீங்க என்னைக் கூப்பிடக்கூடாது. ஒரு தடவை கூப்பிட்டாலும் இந்த நம்பரையே தூக்கிப் போட்டுடுவேன்."

சொன்னால் செய்துவிடுவாள். அதனால் மாஸ்டர் கூப்பிட்டதில்லை. தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு, சாப்பிட்டபடியே பழைய மெசேஜ்களை மேலிருந்து கீழே படிப்பார். படித்துப் படித்து மனுஷனுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. சில மெசேஜ்களின் கடைசியில் 'மெதுவா' என்று ஒரு வார்த்தை இருக்கும். 'பயந்த சுபாவம். மெதுவா.' பழக வருகிறவருக்காகச் சொன்னது என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வார். அவள் வேண்டும் அவருக்கு. திரும்ப அந்த வீட்டுக்குள் அவள் செருப்புச் சத்தம் கேட்க வேண்டும். அதற்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

இப்படிப் பிரிந்து கிடக்கும்படி அப்படி என்ன நடந்துவிட்டது? குடியா, சூதா? ஒரு மண்ணும் இல்லை. கோபம். அதுவும் ரோட்டில் மட்டும் வருகிற கோபம்.

சொல்லிக்கொடுக்கும்போது மாஸ்டர் தங்கமான மனுஷன். கிளட்சைப் பட்டென்று விட்டு வண்டியை நூறு தடவை குலுக்கி நிறுத்தினாலும், "பரவாயில்லை, மறுபடி சாவியைத் திருப்புங்க" என்பார். ஆனால் ஸ்டியரிங் அவர் கைக்கு வந்துவிட்டால் ஆளே வேறு. எவனாவது குறுக்கே வந்தால் போச்சு! கண்ணாடியை இறக்குவார், கழுத்தை வெளியே நீட்டுவார், வாயில் வந்ததெல்லாம் கொட்டும். திட்டு வாங்கினவர்கள் சும்மா போவார்களா? வண்டியின் பின்னால் கொட்டை எழுத்தில் நம்பர் இருக்கிறதே! கூப்பிட்டார்கள். எடுத்தது அவள்.

இதெல்லாம் மாஸ்டருக்கு அவள் போனபிறகுதான் தெரிந்தது. பழக வருகிறவர்களின் விவரம் எழுதும் நீல நோட்டின் கடைசிப் பக்கங்களில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். 'பஸ் டிரைவர். பாலத்தடி. நம்மவர் அவருடைய ஏழு தலைமுறையையும் விசாரித்தாராம். மன்னிப்புக் கேட்டேன்.' 'பால் வண்டிக்காரர். சந்தை சிக்னல். நம்மவர் கதவைத் திறந்து இழுக்கப் போனாராம். மன்னிப்புக் கேட்டேன்.' 'ஒரு அம்மா. நம்மவர் போட்ட சத்தத்தில் பின்சீட்டில் இருந்த குழந்தை அழுதுவிட்டதாம். மன்னிப்புக் கேட்டேன்.' இப்படி நாற்பத்தொரு புகார். ஒவ்வொன்றின் கடைசியிலும் அதே மன்னிப்பு. ஒருநாள்கூட அவரிடம் அவள் இதைக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் அதற்கும் ஒரு கத்தல் கத்தியிருப்பார்.

நாற்பத்திரண்டாவது இப்படி இருந்தது: 'இன்று யாரும் கூப்பிடவில்லை. நானே உள்ளே இருந்தேன்.'

அன்றைக்குக் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் ஓட்டினார், அவள் பக்கத்து சீட்டில். ஒரு வெள்ளைக் கார் இண்டிகேட்டர் போடாமல் குறுக்கே புகுந்தது. அவ்வளவுதான், இவருக்குள் பேய் இறங்கிவிட்டது. அதை முந்தாமல் விடுவதில்லை என்று மிதித்தார். "விடுங்க, போகட்டும், விடுங்க" என்று அவள் மூன்று முறை சொன்னாள். காதில் ஏறினால்தானே! நாற்சந்தி வந்தது. பழகும் வண்டி என்பதால் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தவறினால் சொல்லிக்கொடுப்பவர் மிதிப்பதற்காக வைத்தது. அவள் அதை இரண்டு காலாலும் மிதித்தாள். வண்டி அலறிக்கொண்டு நின்றது. பின்னால் வந்த வேன் இடித்தது. அவள் நெற்றி போய் முன்பலகையில் மோதியது.

மாஸ்டர் என்ன செய்தார் என்கிறீர்கள்? "என் பிரேக்ல கால் வைக்க உனக்கு யாரு சொன்னது?" என்று கத்தினார். கத்திவிட்டு இறங்கிப் பின்னால் போய், வண்டி எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்தார். வேன்காரனோடு ஒரு பாட்டம் சண்டை போட்டார். திரும்பி வந்தபோது பக்கத்து சீட்டுக் கதவு திறந்து கிடந்தது. ஆள் இல்லை. வண்டிக்கு முன்னால், கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், ஒரு சைக்கிள்காரர் சைக்கிளைப் பிடித்தபடி வெலவெலத்து நின்றுகொண்டிருந்தார். மாஸ்டர் அவரை அப்போதுதான் பார்த்தார்.

அன்று நடந்தே வீட்டுக்கு வந்து, நோட்டில் அந்த நாற்பத்திரண்டாவதை எழுதி வைத்துவிட்டு, தன் அக்கா வீட்டுக்குப் போனவள்தான். அவள் நெற்றிக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. கேட்க வழியில்லை.

அதற்குப் பிறகு மாஸ்டர் ஸ்டியரிங்கைத் தொடுவதைக் குறைத்துக்கொண்டார். குறைத்துக்கொண்டாரே தவிர, கோபம் போய்விட்டதா என்று அவருக்கே தெரியாது. பூட்டி வைத்த அறைக்குள் ஆள் இருக்கிறானா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

இந்தக் கதை ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நடந்தது.

அன்று வண்டி ஓட்டியவர் தையலக்கா. ஐம்பத்திரண்டு வயசு, சொந்தமாகத் தையல் கடை. பள்ளிக்கூடச் சீருடைகளைத் தைத்து மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், வாடகை வண்டிக்காரன் நாளைக்கு நாளைக்கு என்று இழுக்கிறான், அதனால் தானே ஓட்டுவது என்று கிளம்பிவிட்டார். ஒரே தொல்லை, முப்பது வருஷம் தையல் மெஷின் மிதித்த கால் அது. ஆக்ஸிலேட்டரையும் முன்னங்கால், குதிகால் என்று மாற்றி மாற்றி அழுத்துவார். வண்டி ரோட்டில் தையல் போட்டுக்கொண்டே போகும்.

"அக்கா, துணி நகரலை. நாமதான் நகரறோம். ஒரே அழுத்தம், அப்படியே வெச்சிருங்க."

"சரி மாஸ்டர். கால் கேக்கமாட்டேங்குது மாஸ்டர். நான் சொன்னா என் வீட்டுல யாரு கேக்கறாங்க, காலு மட்டும் கேக்கப் போகுதாக்கும்!"

சந்தை சிக்னலில் சிவப்பு விழுந்தது. நின்றார்கள். முன்னால் ஒரு லாரி. மாஸ்டர் வழக்கம்போல, "லாரியோட பின் டயர் முழுசா தெரியற அளவுக்கு இடம் விடுங்க. யாராவது வழியை மறிச்சாலும் ஒதுங்கிப் போக இடம் வேணும்" என்றார். அக்கா விட்டார். பச்சை விழுந்தது. லாரி போயிற்று. அக்கா கிளட்சை விட்டார், வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது.

பின்னாலிருந்து ஹாரன்.

சாவியைத் திருப்பினார். மறுபடி துள்ளு, மறுபடி அணைந்தது. இந்தமுறை பின்னால் இருந்தவன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. கறுப்பு ஜீப். வீடு மாதிரி உயரம்.

"அவன் கிடக்கறான். நீங்க உங்க வேலையைப் பாருங்க. நியூட்ரல். சாவி. முதல் கியர். மெதுவா" என்றார் மாஸ்டர்.

மூன்றாவது முறை வண்டி கிளம்பியது. அதற்குள் மஞ்சள் விழுந்துவிட்டது. இவர்கள் மட்டும் தாண்டினார்கள் என்று பார்த்தால், ஜீப்பும் சிவப்பிலேயே தாண்டி வந்து, உரசுகிற மாதிரி முந்தி, முன்னால் போய்க் குறுக்கே நின்றது. அக்காவுக்கு முன்னால் மாஸ்டரின் கால் பக்கத்து சீட்டு பிரேக்கில் இருந்தது. வண்டி நின்றது.

ஜீப்பிலிருந்து ஒருவன் இறங்கினான். நல்ல வாட்டசாட்டம். முகம் பழுத்துப்போயிருந்தது.

"அக்கா, கண்ணாடி முழுசா மேல. கதவு லாக் ஆகியிருக்கான்னு பாருங்க. அவன் மூஞ்சியைப் பாக்காதீங்க, முறைச்சான்னா மறந்தும் பதிலுக்கு முறைக்காதீங்க. ரெண்டு கையும் ஸ்டியரிங்ல. நான் இருக்கேன்."

அவன் வந்து அக்கா பக்கத்துக் கண்ணாடியில் உள்ளங்கையால் அறைந்தான். "ஓட்டத் தெரியலைன்னா வீட்டுல கிடக்க வேண்டியதுதானே! ரோடு என்ன உன் அப்பன் வீட்டுதா?" இன்னும் சில சொன்னான். அதையெல்லாம் எழுதினால் காகிதம் நாறும். அக்காவின் பார்வை நேராக இருந்தது.

பிறகு சுற்றிக்கொண்டு மாஸ்டர் பக்கம் வந்தான். "நீதான் வாத்தியாரா? இறங்குடா. ஆம்பளையா இருந்தா இறங்கு!"

மாஸ்டரின் கை கதவுப் பிடிக்குப் போயிற்று. அவர் அனுப்பவில்லை, தானாகப் போயிற்று. இரண்டு வருஷமாகப் பூட்டியிருந்த அறைக்குள் ஆள் இருக்கத்தான் செய்தான், நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்துப்போய் இருந்தான். கதவைத் திறந்தால் போதும், அந்தத் தடியனின் சட்டைக் காலரைப் பிடித்து அந்த ஜீப்பின் மேலேயே சாத்திவிடலாம். சாத்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பிடியில் கை, பிரேக்கில் கால். குனிந்து தன் காலைப் பார்த்தார். அந்தப் பிரேக்கின் ரப்பர் ஒரு ஓரத்தில் மட்டும் பிய்ந்திருக்கும். அன்று அவள் செருப்புக் குதி பட்டுப் பிய்ந்தது. அதையும் அவர் மாற்றியதில்லை.

மனசுக்குள் மெசேஜ்களைச் சொல்ல ஆரம்பித்தார். செவ்வாய் காலை ஏழு, புது ஆள், பேங்க்கில் வேலை. வியாழன் நாலு மணி, காலேஜ் பொண்ணு. சனி ஒன்பதரை, தையல்கடை வெச்சிருக்காங்க, பயந்த சுபாவம், மெதுவா. மெதுவா. மெதுவா. வெளியே அவன் கத்திக்கொண்டிருந்தான். மாஸ்டர் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மாஸ்டர்" என்றார் அக்கா, உதட்டை அசைக்காமல். "கழுத்து பதினேழரை இருக்கும். போட்டிருக்கற சட்டைக் காலர் பதினாறு. அதான் மூச்சு முட்டிக் கத்தறான்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தே விட்டது. "அக்கா, சிரிக்க வைக்காதீங்க. சிரிச்சா இன்னும் ஏறுவான்" என்றார் குனிந்தபடியே. "ரிவர்ஸ் போடுங்க. பின்னால காலியா இருக்கு. கொஞ்சம் பின்னால போய் ஓரமா ஒடிச்சுப் போயிடலாம். அவசரமே இல்லை."

அக்கா ரிவர்ஸ் போட்டார். வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரே அழுத்தமாக அழுத்தினார். வண்டி பின்னால் போய், ஒடித்து, ஜீப்பைத் தாண்டிப் போயிற்று.

விட்டதா சனியன் என்று பார்த்தால், கண்ணாடியில் ஜீப் தெரிந்தது. பின்னாலேயே வந்தது.

"மாஸ்டர், வர்றான்! என் கடைக்குப் போயிடலாமா? பக்கத்துலதான்."

"வேணாம். நம்ம இடம் எதுன்னு அவனுக்குத் தெரியக்கூடாது. கடைக்கும் வேணாம், வீட்டுக்கும் வேணாம். ஆள் கூட்டம் இருக்கற இடம் வேணும்."

"அப்ப இந்தத் தெருவுல திரும்பிடவா? இங்க கடைங்க இருக்கு."

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய அக்கா வீட்டுத் தெரு. இரண்டு வருஷமாக அந்தத் தெருவில் வண்டியைத் திருப்புவதில்லை என்று அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட தடை. பச்சைக் கதவு, மாடியில் கொடி கட்டித் துணி காயும். அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தால் என்ன என்று தினமும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். இன்றைக்குத் திரும்பக் காரணமே கிடைத்திருக்கிறது.

"வேணாம்" என்றார். "நேராப் போங்க. பஸ் டெப்போ."

டெப்போ வாசலில் எப்போதும் இருபது முப்பது பேர் நிற்பார்கள். காவலாளி உண்டு, கேமரா உண்டு. வாசலுக்கு நேரே நிறுத்தச் சொன்னார். "எஞ்சின் ஓடட்டும். இறங்க வேணாம். அவன் இறங்கி வந்தா போலீஸைக் கூப்பிடுவோம்."

ஜீப் எதிர்ப் பக்கம் வந்து நின்றது. அவன் இறங்கினான். சுற்றி ஆள் இருப்பதைப் பார்த்தான். காவலாளி எழுந்து நின்றதையும் பார்த்தான். கிட்டே வரவில்லை. மாஸ்டர் காரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். காரைப் பார்த்தான், போனைத் தட்டினான், மறுபடி காரைப் பார்த்தான், தட்டினான்.

மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. நம்பர். மூன்றாவது வரி.

அவன் போனைக் காதில் வைத்தான். எடுத்துவிட்டாள் போலிருக்கிறது, கையை வீசிக் கத்த ஆரம்பித்தான். ரோட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கை மட்டும் தெரிந்தது. இவரைக் காட்டியது, வானத்தைக் காட்டியது, ஜீப்பைக் குத்தியது.

கண்ணாடியை அறைந்தபோதுகூட மாஸ்டருக்கு இவ்வளவு வரவில்லை. இரண்டு வருஷம்! இரண்டு வருஷமாக ஒரு புகார் போகாமல் காத்து வைத்தது, அவளாக ஒருநாள் கவனிப்பாள் என்று உள்ளுக்குள் சேர்த்து வைத்தது, எல்லாவற்றையும் ஒருவன் நடுரோட்டில் நின்று கொட்டிக் கவிழ்க்கிறான். அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். உன் புருஷன் அடிக்க வந்தான் என்று சொன்னால் அவள் நம்பாமல் இருப்பாளா? நாற்பத்தொரு தடவை நம்பினவள். இறங்கி ஓடி அந்தப் போனைப் பிடுங்கி உடைக்க வேண்டும் போலிருந்தது. பத்தே எட்டு வைத்தால் போதும். இறங்கினால் அவன் சொல்லும் பொய் அந்த நிமிஷமே உண்மையாகிவிடும். அதுவும் அவள் காதில் கேட்கக் கேட்க.

சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேசிக்கொண்டிருந்தவனின் வேகம் திடீரென்று குறைந்தது. வீசிய கை கீழே வந்தது. ஏதோ கேட்டுக்கொண்டே தலையைச் சொறிந்தான். போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தான். பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு, காரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஜீப்பில் ஏறிப் போயே போய்விட்டான்.

"போய்ட்டான்" என்றார் அக்கா. பிறகுதான் அழுதார். இரண்டு நிமிஷம் அழுதுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பெல்ட்டை விடுங்க மாஸ்டர், பிஞ்சுடப் போகுது" என்றார்.

"விட்டுட்டேன்க்கா."

"அவன் யாருக்குப் போன் பண்ணினான்?"

மாஸ்டர் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். ஆனால் நெற்றி மோதியதை விடாமல் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் வேணா அவங்களுக்குப் போன் பண்ணி, இவர் ஒண்ணுமே பண்ணலைம்மான்னு சொல்லட்டுமா? நான்தானே சாட்சி!"

"வேணாம்க்கா. நாப்பத்தொரு தடவை அவ எனக்காக அடுத்தவங்ககிட்ட கெஞ்சிட்டா. இப்ப நீங்க வேற எனக்காக அவகிட்ட கெஞ்ச வேணாம்" என்றார் மாஸ்டர். "வண்டியை எடுங்க. முதல் கியர்."

அன்று அவருக்கு இன்னும் மூன்று வகுப்பு இருந்தது. ஒவ்வொன்று முடிந்ததும் போனைப் பார்த்தார். மெசேஜ் இல்லை. மத்தியானம் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை. நம்பரைத் தூக்கிப் போட்டுவிட்டாளோ? சோதித்துப் பார்க்கலாம் என்றால், கூப்பிடக்கூடாது. மூன்று மணி வகுப்புக்கு வந்த பையன் சுவரில் முட்டப்போனபோது பிரேக்கை மிதிக்க அரை நொடி தாமதித்துவிட்டார். இருபது வருஷத்தில் அப்படித் தாமதித்ததில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே இன்னொரு நாற்காலி. அது அவளுடையது. ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டபடியே இரண்டு வருஷமாக இருக்கிறது.

போன் அடித்தது.

மெசேஜ் சத்தம் இல்லை, அழைப்புச் சத்தம். திரையில் அவள் நம்பர். எடுப்பதற்குள் போன் இரண்டு முறை கை நழுவிற்று.

"ஹலோ" என்றாள்.

இரண்டு வருஷம் ஆயிற்று அந்தக் குரலைக் கேட்டு.

"ஒரு புகார் வந்துச்சு" என்றாள்.

"தெரியும். நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நான்..."

"நான் சொல்லி முடிச்சுடறேன். காலையிலயே கூப்பிட்டிருப்பேன். எனக்குக் குரல் வரலை. போனை எடுத்ததும் ஒரே கத்தல். 'என்னம்மா ஆளு வெச்சிருக்கீங்க? அந்த வாத்தியாரு செவிடா, ஊமையா? கண்ணாடியைத் தட்டறேன், இறங்குடாங்கறேன், அப்பன் ஆத்தாளையெல்லாம் இழுத்துத் திட்டறேன், கல்லு மாதிரி உக்காந்திருக்கான். ஒரு மனுஷன் இவ்வளவு கத்தறானேன்னு ஒரு மரியாதைக்காவது இறங்க வேணாமா'ன்னு கேட்டான்."

மாஸ்டர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இறங்கவே இல்லையான்னு கேட்டேன். இல்லைங்கறான். கண்ணாடியாவது இறக்கினாரான்னேன். அதுவும் இல்லைங்கறான். ஒரு வார்த்தைகூடப் பேசலையான்னு மறுபடி மறுபடி கேட்டேன். அவன் குழம்பிட்டான். எனக்கு அழுகை வந்துடுச்சு. போன்லயே அழுதுட்டேன். அவன் பயந்துபோய், 'ஏம்மா அழறீங்க, நான் உங்களை ஒண்ணும் சொல்லலையே'ங்கறான். அப்புறம் மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டான்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. அதுவே மாஸ்டருக்குப் போதுமாக இருந்தது.

"அந்த நீல நோட்டு இருக்கா?"

"இருக்கு."

"எடுங்க. எழுதிக்குங்க."

எடுத்தார். கடைசிப் பக்கங்களைத் திருப்பினார். நாற்பத்திரண்டாவதன் கீழே பேனாவை வைத்துக்கொண்டு, "சொல்லு" என்றார்.

"கறுப்பு ஜீப்காரர். சந்தை சிக்னல்."

"எழுதிட்டேன்."

"கண்ணாடியைத் தட்டினாராம். கண்டபடி திட்டினாராம். பின்னாலயே வந்தாராம். நம்மவர் இறங்கவே இல்லையாம்."

பேனா நின்றது. "நம்மவர்னே எழுதவா?"

"நான் சொன்னதை எழுதுங்க."

எழுதினார். எழுத்து கோணல் மாணலாகப் போயிற்று. கடைசியில் எப்போதும் வருகிற இரண்டு வார்த்தைகள் நினைவுக்கு வந்தன. "மன்னிப்புக் கேட்டேன்னு போடவா?"

"கேக்கலை" என்றாள். "எதுக்குக் கேக்கணும்?"

மாஸ்டர் பேனாவை மூடி வைத்தார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு நோட்டு கலங்கலாகத் தெரிந்தது. இரண்டு வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டார். "நெத்தி ஆறிடுச்சா?"

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வைத்துவிட்டாள் என்றே நினைத்தார்.

"இப்பதான் கேக்கத் தோணிச்சா?" என்றாள் அவள்.

"அன்னைக்கே கேட்டிருக்கணும். முதல்ல உன்னைத்தான் பாத்திருக்கணும். வண்டியைப் போய்ப் பாத்தேன். அந்த சைக்கிள்காரரைக்கூட நீதான் காப்பாத்தினே. என்னையும்தான்."

"தழும்பு இருக்கு. முடியை இழுத்து விட்டு மறைச்சுக்கறேன்." பிறகு குரல் மாறியது. மெசேஜ் அனுப்பும் குரல் இப்படித்தான் இருக்குமோ என்று அவர் இத்தனை நாள் கற்பனை செய்திருந்த குரல். "நாளைக்குக் காலையில ஏழு மணி காலியா இருக்கா?"

"ஞாயித்துக்கிழமை. காலிதான்."

"புது ஆள். வயசு நாப்பத்தி மூணு. பயந்த சுபாவம்."

"யாரு?"

"பக்கத்து சீட்டுல உக்கார எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு. ஸ்டியரிங்ல உக்காந்து பாக்கறேன். அந்த பிரேக் உங்க காலடியில இருக்கட்டும்" என்றாள். "வீட்டுக்கு வர்றதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. சொல்லிட்டேன்."

"சரி."

"அக்கா வீட்டு வாசலுக்கு வாங்க. ஹாரன் அடிக்காதீங்க."

"அடிக்கமாட்டேன்."

"மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மாஸ்டர் ஒரு துணியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. நாலாவது வீட்டுப் பெயிண்டர் வாசலில் நின்று கையாட்டினான். "என்ன மாஸ்டர், அந்த நம்பரை ஒருநாள் மாத்திடலாமா?"

"உன்னைக் கையிலயே பிடிக்க முடியறதில்லையேப்பா" என்று சொல்லிவிட்டுக் கார்க் கதவைத் திறந்தார்.

ஸ்டியரிங்கைத் துடைத்தார். கியர்க் கம்பியைத் துடைத்தார். இருபது வருஷமாக ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்த்து, கால் எட்டுமா எட்டாதா என்று கணக்குப் போட்டு சீட்டை நகர்த்துகிறவர் அவர். இன்றைக்குப் பார்க்க எதிரே ஆள் இல்லை. சீட்டின் அடியில் கையை விட்டுப் பிடியைத் தூக்கி முன்னால் தள்ளினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று அடிக்கம்பியின் பற்களில் டக் டக்கென்று மாட்டி நகர்ந்தது. மூன்றோடு நிறுத்தினார். முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை வேண்டும் அவளுக்கு. உள்ளே போய் அவள் நாற்காலியில் கிடந்ததை எடுத்து வந்து வைத்தார்.

பிறகு சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அந்தப் பிய்ந்த ரப்பரின் மேல் காலை மெதுவாக வைத்துப் பார்த்தார். பிரேக் நன்றாகப் பிடித்தது.